ரோப் காரில் இறங்கி வந்தவர்

சனிக்கிழமை மட்டும்தான் என் அப்பா மூக்குக்கண்ணாடி போடுவார். மற்ற நாட்களில் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தே படித்துவிடுவார். சனிக்கிழமை எங்கள் ஊர் விடுதிகளில் விருந்தினர் மாறும் நாள். பழையவர்கள் பத்து மணிக்குள் அறையைக் காலி செய்வார்கள். மூன்று மணிக்கு மேல் புதியவர்கள் வந்து, காரின் தலையிலிருந்து பனிச்சறுக்குப் பலகைகளை இறக்கி, ஈர பூட்ஸ் வைக்கும் அறையில் சாத்திவிட்டு, குடும்பம் குடும்பமாக எங்கள் விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் நுழைவார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளோடு அவர்களுக்கு எதிரே போய் உட்காருவார்.

"நல்லா சறுக்குவீங்களா?" என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் உண்மை சொன்னதில்லை என்பார். அவர் கேட்பது வேறு. "கடைசியா எந்த வருஷம் போனீங்க? எந்த ஊரு? மூணாம் நாள் காலையில எந்திரிச்சப்ப எங்க வலிச்சது?" இந்த மூன்றாவது கேள்வியில் ஆள் எப்படி என்பது தெரிந்துவிடும். தொடை வலித்தது என்றால் பழக்கம் குறைவு. கணுக்கால் வலித்தது என்றால் பூட்ஸ் சரியில்லை. வலிக்கவே இல்லை என்று சொல்பவரின் தாளில் சற்றுக் கடினமான சிவப்புத் தடத்தை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிடுவார்.

ஞாயிறு காலை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் அந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆறு நாளுக்கும் திட்டம். முதல் நாள் பாதி நாள்தான். பூட்ஸைப் போட்டு வாடகைக் கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடக்க வேண்டும், கட்டைவிரல் முட்டினால் வெட்கப்படாமல் மாற்றச் சொல்ல வேண்டும். காலையில் வெயில் விழும் சரிவுகள் எவை, மதியத்துக்கு மேல் எது கண்ணாடியாக உறையும், எந்த மலைக் குடிசைக் கடையில் சூப் நன்றாக இருக்கும், குழந்தைகளைச் சறுக்குப் பள்ளியில் எந்த வகுப்பில் சேர்க்க வேண்டும், எல்லாம் இருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை போகும் பனிச்சரிவு எச்சரிக்கை எண்ணை மட்டும் தாளில் எழுத மாட்டார். அது தினமும் மாறும். காலை ஏழரைக்குக் காப்பி ஊற்றும்போது ஒவ்வொரு மேசையிலும் வாயால் சொல்வார். "இன்னிக்கு மூணு. தடத்தை விட்டு ஒரு அடி வெளிய வெக்காதீங்க. பக்கத்துல எவ்வளவு அழகா புதுப் பனி கெடந்தாலும் சரி."

எல்லாருடைய தாளிலும் மாறாத ஒரு வரி உண்டு: மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் சறுக்க வேண்டாம், தூங்கவும். ஆயிரம் கிலோமீட்டர் காரோட்டி வந்தவர்கள் அந்த வரியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் மாடிப்படியில் ஒரு காலடிச் சத்தம் கேட்காது. எல்லா அறையிலும் குறட்டை. இருபத்தாறு குளிர்காலத்தில் எங்கள் வீட்டு விருந்தினர்களில் இரண்டு பேர்தான் மீட்பு வண்டியில் கட்டப்பட்டு இறங்கியவர்கள்.

அப்பா வின்சென்ஸ் ட்ரோயருக்குப் பனிச்சறுக்கு தெரியாது. ஒரு முறைகூடப் பலகையில் நின்றதில்லை. இருபத்தொன்பது வயது வரை எனக்கே இது தெரியாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படி நடந்திருக்க முடியும் என்று தோன்றும். எங்கள் ஊரான சங்க்ட் ரோமெடியில் நடந்திருக்க முடியும். இங்கே யாரும் யாரையும் "உனக்குச் சறுக்கத் தெரியுமா" என்று கேட்பதில்லை. அது உனக்கு மாடிப்படி ஏறத் தெரியுமா என்று கேட்பது போல. அதோடு, விடுதி நடத்துகிற வீடுகளில் அப்பா அம்மா குளிர்காலத்தில் மலைக்குப் போவதே கிடையாது. எங்களை நாலு வயதில் சறுக்குக் கழகத்தில் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் காப்பி ஊற்றுவார்கள், படுக்கை விரிப்பார்கள், வழியில் பனி அள்ளுவார்கள். என் கழகப் போட்டிகளுக்கு அப்பா வருவார். தடத்தின் ஓரம் பிளாஸ்கோடு நிற்பார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களும் அப்படித்தான் நின்றார்கள்.

அவர் பிறந்தது ஊருக்கு மேலே, க்ராஸ்கோஃபல் மலையின் வெயில் படாத பக்கத்துப் பண்ணையில். ஏழு பிள்ளைகளுக்கு ஒரே ஜோடிப் பலகை. அது எப்போதும் பெரியண்ணன் காலில்தான் இருந்தது. பள்ளியில் வருஷத்துக்கு ஒரு வாரம் எல்லாப் பிள்ளைகளையும் சறுக்கக் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்தில் அப்பாவுக்குக் காது வலி வந்தது. பதினாறு வயதில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். இந்த ஊரில் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? குழந்தைகள் சரிவில் நாலு வயதுக் குஞ்சுகள் அவர் காலுக்கு இடையில் புகுந்து போகும். ஊரே பார்க்கும். அதற்குப் பதில் ரோப் காரின் கீழ் நிலையத்தில் லிஃப்ட் ஆளாகச் சேர்ந்தார். பதினோரு குளிர்காலம் மலையிலிருந்து இறங்கி வருகிற முகங்களையும் முழங்கால்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். கோடையில் அதே சரிவுகளில் புல் வெட்டினார். எந்தத் தடத்துக்கு அடியில் ஊற்று இருக்கிறது, எங்கே பாறை முதுகு தூக்குகிறது, எந்தத் திருப்பத்தில் நிலம் இடது பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அரிவாளோடு நடந்த காலுக்குத் தெரியும். அந்தத் தாள்களில் அவர் எழுதியது இதைத்தான். பிறகு என் அம்மா பர்கியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு, இந்த விடுதிக்கு, வந்தார். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அப்பா அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

நான் போன நவம்பரில் திரும்பி வந்தேன். ஐந்து வருஷம் வெளியே இருந்தேன். சறுக்குப் பயிற்சியாளருக்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு, உலகத்தின் இந்தப் பாதியில் பனி உருகினால் அந்தப் பாதிக்குப் பறந்து, நியூசிலாந்து, சிலி, ஜப்பான், ஜார்ஜியா என்று ஒரு கோடைகூடப் பார்க்காமல் பத்துக் குளிர்காலம் அலைந்தேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரமே எனக்குக் கை கால் அரித்தது. எதையாவது மாற்ற வேண்டும், யாருக்காவது ஏதாவது செய்து அசத்த வேண்டும். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

பிப்ரவரி விடுமுறையில் க்யூப்பர்ஸ் குடும்பம் வந்தது. ஹார்ட்முட் க்யூப்பர்ஸ் எஸ்ஸென் நகரத்தில் கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற வேலையில் இருப்பவர். மனைவி உல்ரிகே. இப்போது பல் மருத்துவம் படிக்கிற அவர்கள் மகள் பின்னால் பிறந்தவள்; ஐந்து வயதில் முதல்முறை வந்ததிலிருந்து அவளை எனக்குத் தெரியும். அந்த வாரம் அவர்களுக்கு எங்கள் வீட்டில் இருபத்தைந்தாவது குளிர்காலம்; அப்படி வருகிறவர்களுக்குச் சுற்றுலா அலுவலகம் பாராட்டு நடத்தும். வந்த அன்றே ஹார்ட்முட் என்னை பூட்ஸ் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"லேனி, புதன்கிழமை எனக்கு மாலை மரியாதை எல்லாம் பண்றாங்களாமே?"

"ஆமா. பட்டயம், மார்ல குத்தற வில்லை, ஒரு பாட்டில் சாராயம்."

"எனக்கு வில்லை வேணாம். உங்கப்பன் வேணும். ஒரே ஒரு தடவை, உச்சியிலேர்ந்து கீழ வரைக்கும், என்கூட. நான் கேட்டா தப்பிச்சுடுவான். நீ ஏற்பாடு பண்ணு."

நான் குதித்தேன். இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. பலகை வாடகைக்குத் தரும் காஸ்பர் கடையில் அப்பாவுக்குப் பலகையும் பூட்ஸும் எடுத்து வைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை காலைக்குப் பக்கத்து வீட்டு ஹில்டாவைக் காப்பி ஊற்ற வரச் சொன்னேன். அன்று வருவதாக இருந்த புகைபோக்கி சுத்தம் செய்கிறவரிடம் பேசி அடுத்த வாரத்துக்கு மாற்றினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா உளறிவிடுவாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்குச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து பட்டயத்தைப் படித்தார். ஒன்பது அறை விருந்தினரும் சாப்பாட்டு அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். உல்ரிகே அழுதுவிட்டாள். ஹார்ட்முட் சாராயக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்.

"இருபத்தஞ்சு வருஷம் இந்த மனுஷன் என்னை மலைக்கு அனுப்பி வெச்சிருக்கான். ஒரு தடவையாவது கூட வந்தானா? ஒரு வருஷம் கேட்டேன், பைப்பு ஒடஞ்சுபோச்சுன்னான். ஒரு வருஷம் பாய்லர். ஒரு வருஷம் பசு கன்னு போடுதுன்னான். டேய் வின்சென்ஸ், உன்கிட்ட பசுவே கெடையாதேடா!"

அறை அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். காது மடல் சிவந்திருந்தது. சாராயத்தால் என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஒரே ஒரு எறக்கம். நீயும் நானும். எனக்கு வேற பரிசு எதுவும் வேணாம்."

கை தட்டினார்கள். அம்மா சமையலறை வாசலிலிருந்து சட்டென்று சொன்னாள். "நாளைக்குப் புகைபோக்கிக்காரர் வர்றாரே."

"அவரை அடுத்த வாரம் மாத்தியாச்சும்மா!" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அப்போ காலையில காப்பிக்கு யாரு..."

"ஹில்டா வர்றா. பலகைகூட காஸ்பர்கிட்ட ரெடி. அப்பாவுக்கு இனிமே சாக்கே இல்ல!"

மறுபடி கைதட்டல். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. விருந்தினர் முன்னால் சத்தமாகப் பேசியதற்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா ஹார்ட்முட்டின் கிளாஸில் தன் கிளாஸை இடித்து, "சரி. போவோம்," என்றார். அந்த அறையில் வேறு எதுவும் சொல்ல முடியாதபடி நான் செய்துவிட்டிருந்தேன்.

காலை எட்டரைக்குக் காஸ்பர் கடையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். விடுமுறைக் கூட்டம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டார். நான் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றேன். அவர் கால்சட்டையின் விளிம்பைப் பூட்ஸுக்குள் திணித்தார். பிறகு மேல் கொக்கியை முதலில் இறுக்கினார். இறுக்கிவிட்டு எழுந்து முழங்காலை மடக்காமல் கம்பு மாதிரி நின்றார்.

இந்த மூன்றையும் நான் நூற்றுக்கணக்கான பேரிடம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. பசு, பாய்லர், பைப்பு, நேற்று அம்மா தேடித் தேடிச் சொன்ன சாக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

காஸ்பர் பலகையை மேசைமேல் கவிழ்த்து, பூட்ஸைப் பிடித்து வைக்கும் கவ்வியின் திருகைத் திறந்தான். "எடை?"

"எம்பத்திரெண்டு," என்றார் அப்பா.

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"எந்த வகை? நிதானம், நடுத்தரம், வேகம்?"

அப்பா கொஞ்சம் யோசித்து, "நிதானம்," என்றார்.

காஸ்பர் கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். "கேட்டீங்களா? ரோமெடியில பொறந்த ட்ரோயர் நிதானமாம்! பெல்ஜியம்காரன்கூட நடுத்தரம்னுதான் சொல்றான். இருங்க, உங்க மானத்தை நான் காப்பாத்தறேன்." திருகை மூன்றாவது வகைக்கு முறுக்கினான்.

ஆள் விழும்போது கவ்வி பூட்ஸை விட வேண்டும். பலமாக முறுக்கினால் மெதுவாகப் போகிறவன் மெதுவாக விழும்போது அது விடாது. பலகை ஒரு பக்கம் திரும்பும், முழங்கால் கூடவே திரும்பும். நாலு நாட்டில் நான் இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவன் பொய் எடை சொன்னால்கூடக் கடைக்காரரைத் தனியே கூப்பிட்டுத் திருத்தியிருக்கிறேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். காஸ்பர் என்னோடு கழகத்தில் சறுக்கியவன். ஹார்ட்முட் பக்கத்தில் நிற்கிறார். கடையில் பாதிப் பேர் எங்களைத் தெரிந்தவர்கள். பயிற்சியாளர் லேனியின் அப்பாவுக்குச் சறுக்கத் தெரியாது என்று அந்த இடத்தில் என் வாயால் சொல்ல எனக்கு மனமில்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எளிதான நீலத் தடத்தில் கைப்பிடித்து இறக்கிவிடலாம் என்று ஏதோ சமாதானம்.

ரோப் காரில் ஹார்ட்முட் வாய் ஓயாமல் பேசினார். அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்தாம் தடத்துக்கு மேலே போகும்போது, "அந்தக் கல்லுக்குக் கீழ ஊத்து. இன்னிக்கு மதியம் அங்க வழுக்கும்," என்றார்.

"பாத்தியா லேனி, காத்துல தொங்கிக்கிட்டே சொல்றான்!" என்று ஹார்ட்முட் அவர் முதுகில் தட்டினார்.

உச்சியில் நல்ல வெயில், மைனஸ் ஒன்பது. ஹார்ட்முட் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பலகைகளை மாட்டிக்கொண்டு தடத்தின் விளிம்பில் போய் நின்றார். அப்பா பலகைகளைக் கீழே வைத்தார். வலது காலை வைத்து அழுத்தினார். கவ்வி பூட்டிய சத்தம் கேட்டது. இடது காலைத் தூக்குவதற்குள் வலது பலகை தானாக முன்னே போயிற்று. அவர் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஒரு அடிகூடச் சறுக்கவில்லை. கால் திருகிக் கிடந்தது. கவ்வி விடவில்லை.

நான் மண்டியிட்டு என் சறுக்குக் கம்பால் கவ்வியைக் குத்தி அழுத்தினேன். இரண்டாவது குத்தில்தான் விட்டது. அப்பாவின் உதடு வெளுத்திருந்தது.

"என்னடா, வார்ம்-அப் பண்றியா?" என்று ஹார்ட்முட் திரும்பி வந்தார்.

அப்பா பனியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "ஹார்ட்முட், எனக்கு இது தெரியாது."

"எது?"

"இது." பலகையைத் தொட்டுக் காட்டினார்.

ஹார்ட்முட் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்திக்கொண்டார்.

"என்னிக்கிலேர்ந்து தெரியாது?"

"பொறந்ததுலேர்ந்து."

பின்னால் வந்த ஒரு கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு கத்தியபடி இறங்கிப் போனது. ஹார்ட்முட் கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியும்ல? ஒரு லிஃப்டுக்கும் உள்ள ஏறிப் பாக்காம நான் கையெழுத்துப் போட்டதில்ல. ஒண்ணுக்கும். என் பொண்ணு அப்போ அஞ்சு வயசுக் குழந்தை. நீ எழுதிக் குடுத்த தாளைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு அவளைக் கூட்டிட்டுப் போனேன்."

"அவ பத்திரமா எறங்கி வந்தாளே."

"அது பேச்சே இல்ல."

அப்பா பனியில் கையை ஊன்றி எழுந்தார். தன் நிலத்தறிவைப் பற்றி, ஊற்றைப் பற்றி, புல் வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக்கூட அதெல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஹார்ட்முட் தடத்தின் பக்கம் திரும்பினார். "லேனி, வர்றியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தார். "போ," என்றார்.

அவர்தான் போகச் சொன்னார் என்று நான் கீழே வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபத்தில் இருக்கிற அறுபது வயது ஹார்ட்முட்டைத் தனியே விடக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். விஷயம் அது இல்லை. எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்குகிற ரோப் கார்கள் காலியாக வரும். அதில் பலகையும் கையுமாக ஒரு ஆள் உட்கார்ந்து வந்தால் மேலே ஏறக் காத்திருக்கும் வரிசை முழுதும் பார்க்கும். அந்தப் பெட்டிக்குள் அப்பாவின் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் போனேன்.

இரவு விழுந்த பனி. யாரும் அதிகம் மிதிக்காத தடம். அந்தக் குளிர்காலத்திலேயே நல்ல இறக்கம் அதுதான். என் கால்களுக்கு அது பிடித்திருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது.

கீழ் நிலையத்தில் ஹார்ட்முட் நிற்காமல் வீட்டுப் பக்கம் போய்விட்டார். நான் வாசலில் காத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்து அப்பாவின் பெட்டி உள்ளே வந்தது. சறுக்குப் பள்ளியின் குழந்தைகள் வகுப்பு ஒன்று, மஞ்சள் ஹெல்மெட் போட்ட பதினான்கு பேர், கயிற்றைப் பிடித்தபடி வரிசையில் நின்றிருந்தார்கள். கதவுப் பக்கம் நின்ற இக்னாஸ் அப்பாவோடு முன்பு இதே நிலையத்தில் வேலை பார்த்தவர்.

"என்ன வின்சென்ஸ், மேல பனி தீந்துபோச்சா?"

"எனக்குத் தீந்துபோச்சு," என்றார் அப்பா. நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"குடுங்கப்பா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"வேணாம்."

காஸ்பர் கடை வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் நாலு அடி பின்னால்.

அம்மா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்து முழங்காலில் ஐஸ் கட்டிவிட்டு, அவர் மாடிக்குப் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தி ரெண்டு வருஷம். பைப்பு ஒடச்சிருக்கேன், பாய்லரை அணைச்சிருக்கேன், இல்லாத பசுவுக்குப் பேறுகாலம் பாத்திருக்கேன். நீ ஒரு சாயங்காலத்துல கதவு எல்லாத்தையும் சாத்திட்டியேடி."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியலைன்னா கேக்கணும். என்கிட்ட கேட்டியா? உலகம் பூரா சுத்திட்டு வந்தவளுக்கு அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கக் கால் வரல."

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. வெளியே வந்ததும் ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் வரைக்கும் ஓடுகிற நல்ல கதை கிடைத்த சந்தோஷம்.

சனிக்கிழமை காலை க்யூப்பர்ஸ் குடும்பம் கிளம்பியது. வழக்கமாகக் கிளம்பும்போதே அடுத்த வருஷத்து வாரத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். உல்ரிகே அம்மாவைக் கட்டிப்பிடித்து, "எழுதறோம் பர்கி," என்றாள். ஹார்ட்முட் அப்பாவிடம் கையை நீட்டினார். "ரொம்ப நன்றி, திரு ட்ரோயர். நீங்க முழங்காலைப் பாத்துக்கங்க." இருபத்தைந்து வருஷமாக டேய், நீ என்று கூப்பிட்ட வாய். அப்பா கையைக் குலுக்கிவிட்டு, "பனியில பாத்து ஓட்டுங்க," என்றார். அவரும் 'ங்க' போட்டார். கார் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றார்.

அன்று மூன்று மணிக்கு அப்பா கீழே வரவில்லை. ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அம்மா எதுவும் பேசாமல் என் முன்னால் தாளை வைத்தாள். நான் போய் உட்கார்ந்தேன். சான்றிதழ் உள்ளவள் நான்தானே.

"நல்லா சறுக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாவே," என்றார் அந்தக் கணவர்.

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படியில் நொண்டுகிற சத்தம் கேட்டது. அப்பா வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். நின்றுகொண்டே பேசினார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. ஒரு தடவைகூடப் போனதில்ல. போன வியாழக்கிழமை போனேன், நின்ன எடத்துலயே விழுந்தேன். இந்தச் சரிவுல எல்லாம் புல் வெட்டியிருக்கேன், லிஃப்ட்ல பதினோரு வருஷம் நின்னிருக்கேன். அவ்வளவுதான். நான் சொல்றதை அதுக்குத் தக்கபடி எடுத்துக்கங்க. சறுக்குறது என் பொண்ணுக்குத் தெரியும். அவகிட்டயும் கேளுங்க."

கணவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "அப்போ நாங்க உங்களை எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

"அது உங்க இஷ்டம்."

அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு கணவரைக் காட்டி, "இவருக்குப் போன வருஷம் முழங்கால்ல ஆபரேஷன் ஆச்சு. அதைச் சொல்ல மாட்டார்," என்றாள். அப்பா உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு மேசையிலும் அதே வார்த்தைகளைச் சொல்கிறார். சொல்லும்போது காது மடல் சிவக்கிறது. பழகிப் போகும் என்று நினைத்தேன். இன்னும் பழகவில்லை. இரண்டு குடும்பங்கள் நன்றி சொல்லிவிட்டுச் சறுக்குப் பள்ளியின் அலுவலகத்துக்குப் போய்விட்டன. மற்றவர்கள் உட்கார்ந்து தாளை வாங்கிக்கொண்டார்கள். எஸ்ஸெனிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

"சறுக்குறது என் பொண்ணுக்குத் தெரியும்" என்று அவர் என் பக்கம் கை காட்டும்போது எல்லாரும் என்னை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன சனிக்கிழமை இரண்டு குடும்பங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. அப்பா மேசையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா. காஸ்பர் கடையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க பூட்ஸ் போடறப்பவே."

துணுக்குகளைக் கூட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

விருந்தினரிடம் எங்கே வலித்தது என்று கேட்கிற அதே குரல். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெக்கமா இருந்துச்சு."

"யாரை நெனச்சு?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஹார்ட்முட்டை நினைத்து என்று சொல்லியிருக்கலாம், காஸ்பரை நினைத்து என்று சொல்லியிருக்கலாம்.

"உங்களை நெனச்சு."

அவர் தலையாட்டினார். துணுக்குகளை உள்ளங்கையில் வாரிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்து பறவைகளுக்குப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். அடுத்த குடும்பம் உள்ளே வந்துவிட்டது. தாத்தா, பாட்டி, மூன்று பேரப்பிள்ளைகள், எல்லாரும் புது ஜாக்கெட்டில். அப்பா அவர்களை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், எனக்கும் சேர்த்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்.

நான் போய் உட்கார்ந்தேன்.